மூன்றாவது இலக்கம்

போன திங்கட்கிழமை என் மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகத்தைத் தேடி அலுமாரியைக் கிளறினேன். புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு சிகரெட் பெட்டிக் கடதாசி விழுந்தது. பெட்டிக்குள் சுற்றியிருக்குமே, அந்த மெல்லிய வெள்ளைக் கடதாசி. அதில் பென்சிலால் தேய்த்து எடுத்த இலக்கங்கள். கீழே, துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறித்துப் பழகிய உன் சாய்ந்த எழுத்தில் 'எஞ்சின்' என்று ஒரு சொல். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன், மச்சான்.

வெளியே ஒரு பல் டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். பழைய பைக் சேர்க்கிறவராம். என் வண்டியைப் பார்த்து, இப்படி எல்லாம் பொருந்திய ஒன்றைத் தான் இதுவரை கண்டதில்லை, இதை அன்றைக்குத் தேடிப் பிடித்தது யார் என்று கேட்டிருந்தார். திரும்பிப் போய் விற்பனைக்கில்லை என்று சொல்லி அனுப்பினேன். மனிதர் முகம் சுருங்கிப் போனார். தேடிப் பிடித்தது நீ என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து புது வண்டி வருவது நின்றுபோயிருந்தது. எவனுக்காவது மோட்டார் சைக்கிள் வேண்டுமென்றால் வெள்ளைக்காரன் காலத்து மிச்சத்தில்தான் பொறுக்கவேண்டும். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஆட்கள் வண்டி பார்க்கப் போனால் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். புதுக்கடை நீதிமன்றத்தில் நான் வெறும் கோட்டுக் கிளாக். ஆனால் வண்டி விசயத்தில் நீதவான் மாதிரித் தீர்ப்புச் சொல்வேன். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறித்தான் இருந்தது.

ஒருநாள் நீ கேட்டாய், எதை மச்சான் கிளாசிக் என்கிறது என்று. பழசெல்லாம் கிளாசிக் என்றால் என் மாமனாரும் கிளாசிக்தான் என்றேன். நீ குடித்த தேத்தண்ணீர் புரையேறச் சிரித்தாய். பிறகு விளக்கமாகச் சொன்னேன். வயதைப் பார்க்காதே. எஞ்சினிலும் செசிச் சட்டத்திலும் அடித்த நம்பர் புத்தகத்தோடு ஒத்துப்போகவேண்டும். இலக்கங்கள் ஒரே ஆழத்தில் ஒரே நேராக நிற்கவேண்டும். பிறகு எவனாவது களவாக அடித்திருந்தால் ஒன்றாவது கோணலாகக் காட்டிக்கொடுக்கும். டாங்கிக்கு இரண்டாம் முறை பெயின்ட் பட்டிருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, விற்கிறவர் மனமில்லாமல் விற்கவேண்டும். சந்தோசமாக விற்கிறவனிடம் வாங்காதே. நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

வெள்ளவத்தை வண்டியை நீதான் கண்டுபிடித்தாய். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பறங்கிப் பெண்மணி. புருசன் காலமாகி, பிள்ளைகளிடம் அவுஸ்திரேலியாவுக்குப் போகப் புறப்பட்டிருந்தார். அப்போது உன் மனைவி பிள்ளைத்தாச்சி. வத்தளையில் படிப்பிக்கப் போய்வந்தவள், நீர்கொழும்பு பஸ்ஸில் தினமும் நின்றபடி தொங்கிக்கொண்டு வந்தாள். முதல் பிள்ளை தங்காமல் போயிருந்ததால் நீ பயந்து போயிருந்தாய். உனக்குக் கிளாசிக்கும் வேண்டாம், கிழிசலும் வேண்டாம். அவளை நடுவழியில் விடாத ஒரு வண்டி, அவ்வளவுதான்.

அந்த அம்மா வண்டிமேல் போர்த்தியிருந்த சாக்கை விலக்கினார். கடல் உப்பு ஜன்னல் கம்பியையே தின்கிற இடத்தில் அந்த வண்டியில் ஒரு துரு இல்லை. புருசன் பின்னேரங்களில் எண்ணெய்த் துணியால் துடைப்பாராம். சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிற்று. நான் முழங்காலில் நின்று பெருவிரலால் அழுக்கைத் துடைத்தேன். நீ சிகரெட் கடதாசியை நம்பர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தாய். எல்லா இலக்கமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறதுபோல நின்றன.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது பொறாமைதான். வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இத்தனை பேருக்கு வண்டி பார்த்துக் கொடுத்த எனக்கு இப்படி ஒன்று வாய்க்கவில்லையே, ஒன்றும் தெரியாத இவனுக்கு வாய்க்கிறதே என்று வயிறு எரிந்தது.

"மூண்டாவது இலக்கம் சரியில்ல, மச்சான். பிறகு அடிச்சிருக்கிறாங்கள். பொலிஸ் பிடிச்சா நீ உள்ள போவாய்."

நீ கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். உனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிவதற்கு அதில் ஒன்றும் இருக்கவுமில்லை. "நீ சொன்னா சரி," என்று கடதாசியை என்னிடம் தந்தாய். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்பும் வழியில் எனக்கு வயிறு நிறையச் சாப்பாடு வாங்கியும் தந்தாய். நான் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை கண்டு, நற்கருணை வாங்கி, அப்படியே வெள்ளவத்தைக்குப் போய் அந்த வண்டியை வாங்கினேன். உன்னிடம் சொல்ல ஒரு கதையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். நம்பர் கேஸ் வந்தால் கோட்டில் இருக்கிற நான் சமாளிப்பேன், உன்னால் முடியாது, அதனால்தான் துணிந்து எடுத்தேன் என்று. நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எனக்கு ஒன்றும் ஆகக்கூடாதென்று நீ கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாய்.

நீ வேறொரு வண்டியை வாங்கினாய். அதையும் நான்தான் பார்த்துச் சொன்னேன். சுமாரான வண்டி. மழை கண்டால் நின்றுவிடும். ஒரு பின்னேரம் வத்தளையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். களனிப் பாலத்தில், மழையில், நீ அதைத் தள்ளிக்கொண்டு போனாய். பின்னால் உன் மனைவி நிறைவயிற்றோடு, குடையை உனக்குப் பிடிப்பதா தனக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் நடந்து வந்தாள். நான் நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டேன். என் வண்டி ஒருமுறைகூட இருமவில்லை. நல்ல நேரத்துக்கு நான் வந்தேன் என்று அடுத்த நாள் நீ எல்லோருக்கும் சொல்லித் திரிந்தாய். பிள்ளை பிறந்ததும் என்னை ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னாய். நின்றேன். வெட்கங்கெட்டவன்.

பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொன்னேன். போய் அவரிடமே சொல்லு என்றார் சாமியார். அதன் பிறகு நான் அந்தச் சாமியாரிடம் போகவில்லை. சிங்களச் சாமியார் ஒருவரிடம் போய், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லக்கூடிய பாவங்களை மட்டும் சொன்னேன். இந்தப் பாவத்தைச் சொல்லுமளவு சிங்களம் எனக்கு வராது என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாட்களில் சொல்லிவிடத்தான் வந்தேன். நீ முந்திக்கொண்டாய். அந்த வண்டி இன்னும் ஓடுகிறதா என்றாய். ஓம் என்றேன். என் கையைப் பிடித்து, "கவனம் மச்சான். பொலிஸ் நம்பரைப் பாப்பாங்கள்," என்றாய். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதனால்தான் திங்கட்கிழமை அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றெரிச்சலை, பொய்யை, பாலத்து மழையை. கடதாசியை மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. நான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

"அவர் வாழ்க்கையில ஒரு ஆளத்தான் முழுசா நம்பினவர். அந்தச் சந்தோசத்தோடதான் போனவர். அத இறக்கி வைக்க என்ட வீடுதான் கிடைச்சுதா, அண்ணன்? என்னால ஏலாது. நீங்களே வச்சுக்கொள்ளுங்க."

அந்த நேரம் பார்த்து உன் மகள் வேலையிலிருந்து வந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மாளிகாவத்தையில் ஒரு பழைய ஸ்கூட்டர் பார்த்து வைத்திருக்கிறாளாம். அங்கிள் பார்க்காமல் எந்த வண்டியும் எடுக்கக்கூடாது என்று டடி சொல்லியிருக்கிறாராம். சனிக்கிழமை வர முடியுமா என்றாள். நான் உன் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைத் துரத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் மகளைத்தான் பார்த்தாள்.

"கூட்டிக்கொண்டு போ. இந்த முறை சரியாப் பாத்துச் சொல்லுவார்."

மகளுக்கு விளங்கவில்லை. சிரித்துவிட்டு உடுப்பு மாற்றப் போனாள்.

சனிக்கிழமை போனேன். மாடிவீடுகளுக்குக் கீழே, சனம் போய்வருகிற இடத்தில், இந்த வயதில் தரையில் படுத்து நம்பரைத் துடைத்துப் பார்த்தேன். ஒருமுறை பார்த்தால் போதும், நான் நாலுமுறை பார்த்தேன். புத்தகத்தை வாங்கி ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாக வாசித்தேன். விற்க நின்ற மனுசிக்குப் பொறுமை போய்விட்டது. நிமிரும்போது கண்ணாடி விழுந்தது. உன் மகள் அதை எடுத்துத் துடைத்து என் மூக்கில் மாட்டிவிட்டு, "எப்பிடி, அங்கிள்?" என்றாள். உன் கண், மச்சான். அதே மாதிரி, நான் சொல்வதற்கு முன்பே நம்பிவிட்ட பார்வை.

"நல்ல வண்டி, மகள். எடு," என்றேன்.

வெள்ளவத்தையில் உனக்கு நான் சொல்லாத சொல் இவ்வளவு சின்னது.