கோப்பை சுற்றி வந்த தாள்

மச்சான்,

நீங்கள் லண்டனிலிருந்து அனுப்பிய பெட்டியை, வழக்கம்போலச் சொந்தக்காரர் எல்லோரும் சூழ்ந்திருக்கப் பிரித்தோம். கோப்பையைச் சுற்றியிருந்த தாளை விரித்த உம்மா, "அல்லாஹ்வே, உடுப்பில்லாத பொம்புள! மருமகன் அனுப்புற சாமானா இது?" என்று கத்தினார். உம்மாவின் தங்கை, சாச்சி, சிரித்தார்: "கோப்பைய வை ராத்தா, தாளக் காட்டு."

நான் பிடுங்கி வாசித்தேன். அறுபதுகளில் அங்கே ஆண்களுக்கென்று வந்த சஞ்சிகை. பேர்போன எழுத்தாளர்களும் வயிற்றுப்பாட்டுக்கு அதில் எழுதினார்களாம். ஒரு கதையின் கீழே நீங்கள் பராமரிக்கும் கிழவரின் பெயர். பாடப்புத்தகம் எழுதியவர் என்றீர்கள். சரி, அந்தப் பொய்யைப் பொறுத்துக்கொள்வேன்.

ஆனால், பெட்டியை எல்லோர் முன்னாலும் பிரிப்போம் என்று தெரிந்த நீங்கள் இந்தத் தாளில் சுற்றியிருக்கமாட்டீர்கள். கிழவருக்கோ கை நடுங்கும், கோப்பையைச் சுற்ற வராது. அந்த வீட்டில் நீங்களும் அவரும் மட்டும்தான் என்றீர்களே. பிள்ளை மடியில் உறங்குகிறான், அதனால் சத்தம் போடாமல் கேட்கிறேன்: சுற்றித் தந்தது யார்?

உங்கள் மகனின் உம்மா