மேலே பிளேயர், கீழே ஸ்பீக்கர்

வாகட், புனே
ஆகஸ்ட் 2008

அன்புள்ள வைஷுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழை நிற்கும்வரை தன்னை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்கிறது. ஹாம்பர்க்கில் நீயும் மாப்பிள்ளையும் அம்முவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இமெயில் இருக்க எதற்குத் தபால் என்று யோசிப்பாய். என் இமெயிலைத் திறந்து நான் சொல்வதை அடித்து அனுப்புகிறவர் மேல் மாடி சுந்தரமூர்த்தி மாமா. அவரைப் பற்றிய புகாரை அவரையே அடிக்கச் சொல்வது முறையில்லை. போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் உன் அம்மா இருக்கிறாள்.

எல்லாம் நீ அனுப்பிய வீணை இசைத்தட்டால் வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பாங்கில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து எங்களுக்குள் உள்ள ஏற்பாடு உனக்குத் தெரியும். ரெக்கார்டு பிளேயர் அவருடையது, ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் என்னுடையவை, எல்லாம் நம் ஹாலில், சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கேட்பது. இந்தக் காலத்தில் ஜெர்மனியில் புதிதாக வீணைத் தட்டு போடுகிறார்கள் என்பதே அதிசயம் என்று உட்கார்ந்தோம். முதல் பக்கம் முடிவதற்குள் அவர் உறைக்குள் இருந்த காகிதத்தைப் படித்துவிட்டார். பதிவு டேப்பில் அல்ல, டிஜிட்டலில் செய்ததாம், அதிலிருந்து தட்டில் பள்ளம் வெட்டினார்களாம். உடனே முகம் மாறிவிட்டது. "அப்பவே நெனைச்சேன், உயிரே இல்லையே. ஓய், பால் பவுடரைக் கரைச்சு மாட்டு மடியில ஊத்திக் கறந்தா அது பசும்பாலா?" என்றார்.

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். பதிவு எதில் இருந்தால் என்ன, கடைசியில் ஊசி பள்ளத்தில் ஓடுகிறது, சிடியில் எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்கு ஏற்றிவிடுகிறார்கள், இதில் அப்படிச் செய்யவில்லை, அதனால்தான் வீணைக்கு இந்த ஆழம், இந்த நிதானம், மந்தர ஸ்தாயியில் தரையே அதிர்கிறது பாரும் என்றேன். "ஆழமா? கெணத்துக்குள்ள விழுந்த வீணை. மிருதங்கக்காரன் அரிசி மூட்டையத் தட்டறான்" என்றார். இன்றைக்கு யார் ஐயா இவ்வளவு விளம்பமாக வாசிக்கிறார்கள் என்று கேட்டேன். "தூங்கறவன் வாசிப்பான்" என்றார். நான் உம் காதை ஒரு டாக்டரிடம் காட்டலாமே என்று அக்கறையோடு சொன்னேன். அவர் அதை அக்கறையாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று சனிக்கிழமை இது நடந்தது. நான்காவது சனிக்கிழமை பிளேயரின் ஒயரைப் பிடுங்கி, அதைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

இப்போது நிலைமை என்னவென்றால், அவரிடம் சுழல்வது இருக்கிறது, சத்தம் இல்லை. என்னிடம் சத்தம் இருக்கிறது, சுழல ஒன்றுமில்லை. அவருடைய சாவித்ரியும் உன் அம்மாவும் ரசமும் கூட்டும் மாற்றிக்கொள்வது மட்டும் தடையில்லாமல் நடக்கிறது, நாங்கள் செத்தால்கூட அது நடக்கும். உன் அம்மா ஒரு ஸ்பீக்கர் மேல் ஊறுகாய் ஜாடியை வைத்துவிட்டாள். கேட்டால், "சும்மா தானே நிக்கறது" என்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் நான் செய்தித்தாளை இரண்டாம் முறை படிக்கிறேன். மேலே ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சத்தம் கேட்கிறது. அதுதான் இப்போது எனக்குக் கிடைக்கிற கச்சேரி.

இனி சொல்லப்போவதை அம்மாவிடம் சொல்லாதே. அவரை வாயடைக்க வைக்க ஏதாவது அத்தாட்சி கிடைக்குமா என்று போன வாரம் அந்தத் தட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தில், கம்பெனி பெயருக்குக் கீழே, எறும்பு அளவில் 45 என்று போட்டிருந்தது. நம் ஊரில் பெரிய தட்டு என்றால் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து. இது பெரிய தட்டு, அதனால் எண்ணை யாரும் படித்துப் பார்க்கவில்லை. அதோடு மாமாவின் பிளேயரில் வேகத்தை மாற்ற வேண்டுமானால் சுழலும் வட்டைக் கழற்றி அடியில் உள்ள பெல்ட்டை நகர்த்த வேண்டும், அவர் அதை வாங்கிய நாளிலிருந்து யாரையும் தொட விட்டதில்லை. ஆக, நான் புகழ்ந்த ஆழமும் இல்லை, அவர் திட்டிய டிஜிட்டலும் இல்லை. ஒரு நல்ல வித்வானை முக்கால் வேகத்தில் ஓடவிட்டு இரண்டு மேதைகள் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறோம்.

இதை நான் மேலே போய்ச் சொன்னால், அந்த நிதானத்தையும் தரை அதிர்ந்ததையும் அவர் சாகும்வரை சொல்லிக் காட்டுவார். சொல்லாவிட்டால் ஊறுகாய் ஜாடி அங்கேயே இருக்கும். அதனால் நீ அவருக்கு ஒரு இமெயில் போடு. அம்மு பள்ளிக்கூடம் போகிறாள், குளிர் ஆரம்பிக்கப் போகிறது என்று எழுதி, நடுவில், அந்தத் தட்டு நாற்பத்தைந்து வேகமாமே மாமா, கடையில் சொன்னான் என்று ஒரு வரி சேர்த்துவிடு. அவரே கண்டுபிடித்ததாக நினைத்து பிளேயரோடு இறங்கி வரட்டும். டிஜிட்டலா இல்லையா என்பதைச் சரியான வேகத்தில் சண்டை போட்டுக்கொள்கிறோம்.

அம்முவுக்குக் காதை மூடும் தொப்பி போட்டு அனுப்பு. மாப்பிள்ளையிடம் இரவில் காபி குடிக்க வேண்டாம் என்று சொல். மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அந்த ஒரு வரியை மறக்காதே. ஒருவேளை மாமாவும் இதே மாதிரி ஒரு வரி எனக்கு எழுதச் சொல்லி உன்னிடம் கேட்டிருந்தால், அதை என்னிடம் சொல்ல வேண்டாம். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் எழுதிவிடு.

உன் அன்பு அப்பா,
லக்ஷ்மிநாராயணன்