எதிர் ஜன்னலில் நிற்கும் பாதிப் பாட்டு

அனுப்புநர்:
மேல்மாடி மாமா,
(தெருவில் எல்லோருக்கும் பேருக்கு மாமா, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் நிஜமாகவே மாமா)
குழாய் பழுதுபார்ப்பவர்,
பல் மருத்துவமனைக்கு மேல்மாடி, வார்டு எல்லைக்கு இந்தப் பக்கம்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
ஒலித் தொந்தரவுத் தடுப்புப் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தங்கள் அலுவலக அலமாரியில் அடைபட்டிருக்கும் பாதிப் பாட்டை வெள்ளிக்கிழமைக்குள் விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

யாருமே நம்ப முடியாத ஒரு கதையைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கப் போகிறேன் என்று முதற்கண் உறுதி கூறுகிறேன். என் மனைவி நம்பவில்லை. எழுதும்போது எனக்கே இரண்டு இடங்களில் சந்தேகம் வந்தது. ஆயினும் படித்து முடிக்கும்வரை இம்மனுவைக் கோப்பில் கட்டிவிட வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் என் அக்கா மகள், நகர இசைப்பள்ளியில் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். தற்காலிக ஆசிரியையாகவே காலம் தள்ளி, ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வேலையில்லாமல் வீட்டில் உட்காருபவள். இந்த முறை நிரந்தரப் பணி. வரும் வெள்ளிக்கிழமை தேர்வு. வேற்று நாட்டு நாட்டுப்புறக் கருவி ஒன்றை, துணைக்கு ஓர் ஆளுடன் வாசித்துக் காட்ட வேண்டும். துணை ஆள் அடியேன்.

2. அவள் தேர்ந்தெடுத்தது தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்களுடைய அடுக்குக்குழல். குட்டையும் நெட்டையுமான நாணற்குழல்களைச் சேர்த்துக் கட்டிய கருவி. அந்த மலைக்காரர்களின் குறும்பைக் கேளுங்கள்: சுரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து இரண்டு வரிசைகளாக்கி, ஒன்றை ஒருவர் கையிலும் மற்றதை இன்னொருவர் கையிலும் கொடுத்துவிட்டார்கள். அவள் ஒரு சுரம் ஊதினால் அடுத்ததை நான் ஊத வேண்டும். எப்பேர்ப்பட்ட வித்வானும் தனியாக ஒரு பாட்டை முடிக்க முடியாது. புருஷன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த வீட்டில் அன்றைக்குப் பாட்டே கிடையாது.

3. எனக்கு முழங்கால் வலி. அவள் வீட்டுப் படியோ வானத்துக்குப் போகிறது. ஆகவே அவள் தன் ஜன்னலிலும் நான் என் ஜன்னலிலும் நின்று பயிற்சி செய்தோம். கீழ்த்தளத்துப் பல் டாக்டர் என் மீது புகார் கொடுத்தார். தங்கள் ஆய்வாளர் வந்து, வாசலில் நின்று ஒரு பாட்டு முழுவதையும் கேட்டு, பிறகு மாடியேறி என் வரிசையைப் பறிமுதல் செய்தார். மீதிப் பாதி எதிர் ஜன்னலில் இருக்கிறது என்று கை காட்டினேன். “அது அடுத்த வார்டு சார். நடு ரோட்டோட என் அதிகாரம் முடிஞ்சுது” என்றார். ஆக, ஒரு பாட்டில் பாதி குற்றவாளி, மீதி நிரபராதி.

4. இவ்விடத்தில் உலக வரலாற்றைச் சற்று நினைவூட்ட அனுமதி வேண்டுகிறேன். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கழுகின் சிறகெலும்பில் துளை போட்டுக் குகையில் ஊதியிருக்கிறார்கள். பக்கத்துக் குகைக்காரர் அன்றைக்கே புகார் கொடுத்திருப்பார். எழுத்து இன்னும் வராத காலமானதால் அது தங்கள் பிரிவுக்கு வந்து சேரவில்லை. பசிபிக் தீவுகளில் குழலை மூக்கால் ஊதுகிறார்கள். ஜலதோஷம் பிடித்த அன்று அவர்களுக்கு விடுமுறை. ஆஸ்திரேலியப் பழங்குடியினர், கறையான் குடைந்த மரத்தையே எடுத்து ஊதுகிறார்கள். கறையானுக்கு எந்த நகராட்சியும் நோட்டீஸ் அனுப்பியதாகத் தெரியவில்லை. ஜப்பானில் ஒருவகைத் துறவிகள் தலை முழுவதையும் மறைக்கும் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஊதினார்கள். இந்த யோசனை எனக்கு முன்பே தோன்றியிருந்தால் ஆய்வாளருக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்காது.

5. அக்கா மகள் பயிற்சியை நிறுத்தவில்லை. தன் சுரத்தை ஊதுகிறாள், என் சுரம் வரவேண்டிய இடத்தில் காத்திருக்கிறாள், மறுபடி ஊதுகிறாள். இந்த ஓட்டை விழுந்த பாட்டால் தெருவுக்கு நேர்ந்த கதி பின்வருமாறு. சலூன்காரர் ஒவ்வொரு இடைவெளிக்கும் கத்தரியைச் சொடுக்கி, ஒரு பெரிய மனிதரின் ஒரு பக்க மீசையை எடுத்துவிட்டார். “தும்மல் பாதியில நின்ன மாதிரி இருக்கு மாமா, ஏதாவது பண்ணுங்க” என்கிறார். தையற்கார அம்மா மிதித்த மிதியில் ஒரே சட்டைக்கு ஐந்து கை. டாக்டரின் துளைக்கும் இயந்திரம் விட்டுப்போன சுரத்தைத் தானே பாடுகிறது. நோயாளிகள் வாயைத் திறந்தபடி பின்பாட்டு. பறிமுதல் செய்த அன்றே இது தொடங்கிவிட்டது. ஆய்வாளர் கருவியோடு நடுத்தெருவுக்கு வந்தபோது, விஷயம் தெரியாத பெண் எதிர் ஜன்னலில் முதல் சுரத்தை ஊதிவிட்டு நின்றாள். அவர் அண்ணாந்து பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என் வரிசையைப் பையிலிருந்து எடுத்து அடுத்த சுரத்தை ஊதிவிட்டார். லாரிகள் நின்றன. புறாக்கள் வரிசையாக உட்கார்ந்தன. இரு வார்டுகளும் ஒன்றாயின.

6. வேறொன்று செய்துகொள்ளக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். தொழில் குழாய் வேலை, செய்யாமல் இருப்பேனா? பிளாஸ்டிக் குழாயை அறுத்து ஒரு வரிசை கட்டினேன். ஆனால் அவளுடையதும் என்னுடையதும் ஒரே கை அறுத்துச் சுருதி சேர்த்த ஜோடி. நேற்று மாலை அவள் ஊதவில்லை. வரிசையை மடியில் வைத்துக்கொண்டு என் ஜன்னலையே பார்த்திருந்தாள். பிளாஸ்டிக்கை ஊதிக் காட்டினேன். சிரித்தாள். சுரம் சேரவில்லை.

7. அதன் பிறகு டாக்டரே மாடியேறி வந்தார். “முழுப் பாட்டுன்னா ஒரு தொந்தரவு, முடிஞ்சிரும். இது முடியவே மாட்டேங்குதே. போய் வாங்கிட்டு வாங்க மாமா” என்றார். புகாரைத் திரும்பப் பெறும் அவரது கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. மருந்துச் சீட்டில் எழுதியிருக்கிறார். படிக்க முடியாவிட்டால் மருந்துக்கடைக்காரரை அனுப்பி வைக்கிறேன்.

எனவே என் வரிசையை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன். விதி இடம் தராவிடில், கருவியைத் தங்கள் வசமே வைத்துக்கொண்டு, அன்று காலை மட்டும் ஆய்வாளரை அதனுடன் இசைப்பள்ளிக்கு அனுப்பி வைத்தாலும் போதுமானது. என் நாற்காலியை அவருக்கு விட்டுத்தருகிறேன்.

மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று எழுதிக் கையொப்பமிடுவது மனுக்களின் மரபு. தேர்வுத் தேதிக்கு அழைப்புக் கடிதமும் வரலாற்றுக்கு நூலகமும் சாட்சி. மீசைக்கும் ஐந்து கைச் சட்டைக்கும் லாரிகளுக்கும் புறாக்களுக்கும் நான் பொறுப்பேற்க இயலாது. ஐந்தாம் பத்தியில் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜமாகவே நடந்தது: ஆய்வாளர் ஊதினார். சரியான குழலில், சரியான நேரத்தில். எதிர் ஜன்னலில் இருந்தவள் அது நான் என்றே நினைத்து அடுத்த சுரத்துக்குப் போய்விட்டாள்.

இடம்: ஜன்னலோரம்
நாள்: தேர்வுக்கு முந்தைய திங்கட்கிழமை

இப்படிக்கு,
பாட்டின் மற்றொரு பாதி
(மேல்மாடி மாமா)