இடப்பக்கம் என்னுடையது

தம்பி,

உம்முடைய மனுசி நேற்றுப் பின்னேரம் வந்து ஒரு துணிப்பையைத் தந்துவிட்டுப் போனா. மகளையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கே திரும்பிப் போகிறாவாம். வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக ஆட்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறா. "இது உங்களுக்குத்தான்னு அவர் சொல்லியிருந்தார் அண்ணே" என்றா. தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை. பைக்குள் உம்முடைய கீபோர்டு. இரண்டு பாதியும், இரண்டையும் இணைக்கிற வயரும். கதவைச் சாத்திவிட்டு அதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். எழுத்துகளுக்கு நடுவில் இன்னும் தைல மணம். நான் தந்த தைலம். சிங்கப்பூரிலிருந்து வந்தது, செத்த நரம்பும் எழும்பி நடக்கும் என்று சொல்லித் தந்தேனே, அதுதான்.

நேற்றிலிருந்து இரண்டு தரம் அந்தப் பையோடு கீழே குப்பை அறைவரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். எறியவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளை மன்னித்துக்கொள்ளும். ஆனால் எட்டாம் வகுப்பில் கட்டுரை எழுதினால் தலைமையாசிரியரே வந்து வாசித்துவிட்டுப் போவார் என்பதை உமக்கு முதலே சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் சந்தித்ததே இந்தக் கீபோர்டால்தான். உங்கள் கந்தோர், நீர் ஆபீஸ் என்பீரே, அது இருந்த கட்டடத்தில் நான் விடிய ஐந்து மணிக்கு மொப்பைத் தூக்கினால் ஐந்து மாடியும் ஏழு மணிக்குள் பளிங்கு. வேறு ஆட்களென்றால் நாலு பேர் வேண்டும். அன்று ஐந்தாம் மாடியில் ஒரு மேசையில் கீபோர்டு இரண்டாக உடைந்து கிடந்தது. யாரோ கோபத்தில் முறித்துவிட்டார்கள் என்று நினைத்து, கறுத்தப் பையில் போட்டு முடிச்சும் போட்டுவிட்டேன். ஏழரைக்கு நீர் வந்தீர். மேசைக்குக் கீழே பார்த்தீர், இழுப்பறையைப் பார்த்தீர், கடைசியில் என் ட்ரொலிப் பக்கம் வந்து குப்பைப் பைக்குள் கையை விட்டீர். "அட கடவுளே" என்று ஒரு சத்தம். தமிழ். நான் உடனே, நானும் தமிழ்தான், பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் பையில் கட்டி வைத்தேன் என்றேன். அதன்மேல் ஒட்டியிருந்த வாழைப்பழத்தோலை நீர் உரித்தெடுத்தீர்.

அது உடைந்ததில்லை, அப்படியே செய்து விற்கிறார்கள், தோள் அகலத்துக்கு இரண்டு கையையும் விரித்து வைத்துத் தட்டினால் மணிக்கட்டு நோகாது என்று பிறகு விளங்கப்படுத்தினீர். நோகாது என்று நான் சொல்வேன், வலிக்காது என்று நீர் சொல்வீர். நீர் ஊரில் நாள் முழுக்க வேலைக்கும் இரவெல்லாம் கேமுக்கும் தட்டித் தட்டி மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டவர். சொந்தக் காசில் வாங்கி வந்திருந்தீர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒஸ்லோவின் கிழக்கே ட்வெய்ட்டாவில் உம்முடைய ஒற்றை அறைக்கு இடியப்பமும் சொதியும் கொண்டு வருவேன். முதல் நாள் உள்ளே வந்து "இரும், சாப்பிடும்" என்று உமக்கே உபசாரம் செய்தேன். நீர் விழுந்து விழுந்து சிரித்தீர்.

"அண்ணே, நீங்க 'நீர் வாரும், இரும்'னு சொல்றப்பல்லாம் ராஜா வேஷம் கட்டிட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

அதற்காகவே நான் அதை விடவில்லை. இன்றைக்கும் விடவில்லை.

அந்த ஞாயிறுகளில்தான் கேம். உம்மோடு படித்தவர்கள் ஆளுக்கொரு நாட்டிலிருந்து ஒரே நேரத்தில் வந்து துவக்கோடு ஓடிச் சுடுவார்கள். ஆளை நடத்துகிற கால் இடக்கை எழுத்தில், சுடுகிற துவக்கு வலக்கை மவுஸில். ஒருநாள் உம்முடைய ஆள் சுவரோரம் சிலை மாதிரி நின்றான், சுட்டுப் போட்டுவிட்டார்கள். அடுத்த முறையும் அப்படியே. ஸ்பீக்கரில் ஒருவன், "என்னடா, தூங்கிட்டியா?" என்று கேட்டான். நீர் இடக்கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர். சின்ன விரலும் பக்கத்து விரலும் உமக்குச் சொந்தமில்லாதவை மாதிரித் தொங்கின.

"மரத்துப் போச்சு அண்ணே. வலி கூட இல்ல."

நான் கதிரையை இழுத்து உமக்கு இடப்பக்கம் போட்டேன். கீபோர்டின் இடப்பாதியைத் தூக்கி என் மடியில் வைத்தேன். நீர் சொல்லும், நான் நடக்கிறேன் என்றேன். முதல் நாள் தண்ணீருக்குள் விழுந்தோம், நம்முடைய ஆட்களையே இடித்துத் தள்ளினோம். மூன்றாம் ஞாயிறு நீர் "முன்னாடி" என்று வாயெடுக்க முதல் என் விரல் போய்விடும். ஸ்பீக்கரில் அதே ஆள், "டேய், நொண்டிக்கிட்டு இருந்தவன் என்னடா இப்ப மான் மாதிரி ஓடுற?" என்றான். நீர் மைக்கைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரித்தீர். நாங்கள் இரண்டு பேர் என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. ஐம்பது வயதில் நான் உலகத்தரத்தில் ஓடினவன், தம்பி.

சிரிப்பு அந்த அளவோடு சரி. உமக்கு வேலையில் ஆறு மாதச் சோதனைக் காலம். அதைத் தாண்டினால் நிரந்தரம். நிரந்தரமென்றால் மனுசியும் மகளும் வரலாம். மகளுக்கு நாலு வயது, நீர் இங்கே வந்த நாளிலிருந்து உம்மைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். தாண்டாவிட்டால் விசாவும் இல்லை, ஒன்றும் இல்லை. அதில் இரண்டு மாதம் முடிந்திருந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சொதியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே, "அண்ணே, நீங்க இருபது வருஷமா இங்க இருக்கீங்க. நான் டாக்டர்கிட்ட போகட்டுமா?" என்று கேட்டீர்.

நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

"போனீரெண்டால் அவர் எழுதுவார். எழுதினால் அது கந்தோருக்குப் போகும். சோதனைக் காலத்திலை வருத்தக்காரனை ஆர் வைச்சிருப்பினம்? ரொம்சோஸிலை ஒரு பெடியன் இப்பிடித்தான், கை நோகுதெண்டு போனவன். மூண்டாம் கிழமை பிளேனிலை ஏத்திப்போட்டாங்கள். நீர் பயப்படாதையும், நான் இருக்கிறன்."

நீர் கரண்டியை வைத்துவிட்டு, சரி அண்ணே என்றீர்.

தம்பி, ரொம்சோஸில் அப்படி ஒரு பெடியன் இல்லை. இருந்ததே இல்லை. எனக்குச் சட்டமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. நீர் கேட்டீர், என் வாயில் ஒரு ஆள் உருவாகி வந்துவிட்டான். கை, கால், பிளேன் எல்லாவற்றோடும் வந்துவிட்டான். நான் அப்படித்தான், கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வராது. அதைத்தான் இந்தக் கடதாசியில் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது.

அன்றிலிருந்து வேலையும் கேம் மாதிரித்தான் நடந்தது. பகலில் கந்தோரில் வலக்கையால் மெல்ல மெல்லத் தட்டிச் சமாளிப்பீர். நாலரைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் என் கதிரையில், நீர் உம்முடைய கதிரையில். இடப்பக்க எழுத்து எல்லாம் என்னுடையது, வலப்பக்கம் உம்முடையது. எனக்கு அதில் ஒரு வரிக்கும் கருத்துத் தெரியாது. ஆனால் 'ரிட்டர்ன்' என்று நீர் சொன்னால் முதல் மூன்று எழுத்தும் நான், பிறகு ஒன்று நீர், ஒன்று நான், கடைசி நீர். வாயால் எழுத்துக் கூட்டுவதைக் கூட ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டோம். உம்முடைய மூச்சு எங்கே நிற்கிறது என்று பார்த்தே என் விரல் இறங்கும். ஒஸ்லோவில் இடக்கையால் எனக்கு நிகராகத் தட்டுகிறவன் இன்றைக்கும் இல்லை, இது மட்டும் கூட்டிச் சொல்வதில்லை.

நாலாம் மாதம் உம்முடைய வலக்கையிலும் விரல் வழுக்கத் தொடங்கியது. பித்தானைப் பூட்ட முடியாமல் சட்டையைத் தலை வழியாகப் போட்டீர். நான் இன்னொரு போத்தல் தைலம் கொண்டு வந்தேன். கழுத்து விறைக்கிறது என்றீர், கழுத்துக்கும் பூசினேன். என் கையாலேயே பூசினேன். அதற்குக் கீழேதான் அது இருந்திருக்கிறது.

ஐந்தாம் மாதம் உம்முடைய மேலதிகாரி, அந்த உயரமான மனுசி, நாளைக்கு இரண்டு மணித்தியாலம் உம்மோடு பக்கத்தில் இருந்து வேலை செய்யப் போவதாகச் சொன்னா. சோதனைக் காலத்தின் முடிவை எழுத வேண்டுமாம். அந்த இரவு நீர் சாப்பிடவில்லை. ஒரு கையின் இரண்டு விரலை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று கேட்டீர். அதற்கும் நான் ஏதோ சொன்னேன், அது ஞாபகத்தில் இல்லை.

அடுத்த நாள் என் வேலை ஏழுக்கே முடிந்தது. வீட்டுக்குப் போகவில்லை. ஐந்தாம் மாடிக் கண்ணாடிச் சுவரை மூன்றாம் தரம் துடைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவ ஏதோ சொல்ல, நீர் தலையாட்டினீர். கையை எழுத்துகள் மேல் வைத்தீர். கை நின்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. அவ காத்திருந்தா. உம்முடைய காது மடல் சிவந்ததைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்டேன்.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. துணியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனேன். ஒரு கதிரையை இழுத்து உம்முடைய இடப்பக்கம் இருந்து, என் பாதியை மடியில் எடுத்து வைத்தேன். சவர்க்காரத் தண்ணி சொட்டுகிற கையோடு. நீர் என்னைப் பார்க்கவில்லை. மூச்சை மட்டும் விட்டீர். நாங்கள் தட்டினோம். ஊரில் ஆட்களுக்குச் சொல்லும்போது நாற்பது வரி என்று சொல்கிறேன். உமக்குத் தெரியும், நாலு.

அவ திரையைப் பார்க்கவேயில்லை, எங்கள் மடிகளைத்தான் பார்த்தா. எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டா. பிறகு மெதுவாகச் சொன்னா, நோய், வருத்தம் என்பதற்காக இங்கே ஒருவரையும் வெளியே போடுவதில்லை, டாக்டர் ஒரு கடதாசி தந்திருந்தால் உதவிக்கு ஆளோ மெசினோ தந்திருப்போம் என்று. கடைசியாக, "ஏன் சொல்லவில்லை?" என்றா.

நீர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினீர். ஒரு கணம். பிறகு அவவிடம், பயந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னீர். ரொம்சோஸைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

அவவே டாக்டருக்குப் போன் எடுத்தா. கழுத்து எலும்புக்குள் நரம்பை நசுக்கிக்கொண்டு ஒரு கட்டி. வெட்டினார்கள், முழுக்க எடுக்க முடியவில்லை. மொழிபெயர்க்கிறேன் என்று நான்தான் வார்ட்டுக்குள் நின்றேன். மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, ஒருவேளை என்று முடித்தார். ஒருவேளை. அதை நான் உமக்கு மொழிபெயர்க்கவில்லை. எல்லாம் சரி வருமாம் என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லின் மேல்தான் இரண்டு வருசமாகப் படுக்கிறேன், எழும்புகிறேன்.

வேலை உமக்கு நிரந்தரமாகக் கிடைத்தது. மனுசியும் மகளும் ஆனி மாதம் வந்து இறங்கினார்கள். மகள் ஓடி வந்து உம்முடைய காலைக் கட்டிக்கொண்டாள். நீர் தூக்கவில்லை என்று அவளுக்குக் கோபம். நான் அவளைத் தூக்கி உம்முடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். பாரம் தெரியவில்லை.

உம்முடைய கடைசி மாதத்தில் ஒருநாள் உம்முடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். நீர் கூரையைப் பார்த்தபடி கேட்டீர்.

"அண்ணே, அந்த ரொம்சோஸ் பையன் இப்ப எங்க இருக்கான்?"

என் வாய் எப்போதும்போல் முந்திக்கொண்டது. கொழும்பில் கடை போட்டிருக்கிறான், கலியாணம் முடித்துவிட்டான், நல்லாய் இருக்கிறான் என்றேன். கடைக்கு இரண்டு வாசல் என்று கூடச் சொன்னேன்.

"நல்லது" என்று சிரித்தீர். கண்ணை மூடிக்கொண்டீர்.

தெரிந்துதான் கேட்டீரா? தெரிந்துதான் சிரித்தீரா? இதை யாரிடம் கேட்பேன்? உம்முடைய மனுசியிடம் கேட்க நேற்று வாசலில் வாய்வரை வந்தது. அவ சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தா. கேட்கவில்லை. அவ போகிற பிளேனில் அந்த உண்மையையும் ஏற்றிவிட வேண்டுமா? இல்லை, ஏற்றாமல் விடுவதுதான் இன்னுமொரு பொய்யா? அதுவும் எனக்கு விளங்கவில்லை.

போன கிழமை ஒன்று நடந்தது. புருசெத் கடைத்தெருவில் மட்டக்களப்புக்காரன் ஒருவன், மீன் தொழிற்சாலையில் தற்காலிக வேலை, என்னைக் கண்டு நின்றான். கொஞ்ச நாளாக ஒரு கால் விறைக்கிறதாம். "அண்ணை, உங்களுக்குத் தெரியாததே, டாக்குத்தரிட்டைப் போனால் வேலைக்குப் பிரச்சினை வருமோ?" என்று கேட்டான். என் நாக்கில் ஒரு ஆள் வந்து நின்றான், தம்பி. ஊர், பேர், வேலை எல்லாவற்றோடும். இந்த முறை நல்ல முடிவோடு வந்தவன். போனான், சுகமானான் என்று சொல்ல. அவனையும் விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவன் நம்பவில்லை. சொல்ல விருப்பமில்லையென்றால் விடுங்கோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். நான் பின்னால் போய் அவனுடைய ஜாக்கெட்டைப் பிடித்தேன். உண்மையாகவே தெரியாது, மூன்று மணிவரை டாக்டர் இருப்பார், வாரும் போவோம் என்று இழுத்துக்கொண்டு போனேன். அங்கே முன் மேசையில் பேர் பதிகிற பிள்ளை என்னைப் பார்த்து, நீங்கள் மொழிபெயர்ப்பாளரா என்று கேட்டாள். இல்லை, சும்மா கூட வந்தவன் என்றேன்.

ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். அவன் பயத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ஒரு மணித்தியாலமும் நான் அவனுக்கு ஒரு கதையும் சொல்லவில்லை.