கிணற்றடிப் பரீட்சை

ஆட்டையாம்பட்டி
வெகுதானிய வருடம், தை மாதம் 12

சிரஞ்சீவி பாலசுந்தரத்துக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம். கடல் தாண்டி ரங்கூனில் இருக்கும் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க மாரியம்மன் துணை. அம்மாவுக்குக் காதுக் கருவி வாங்கியாயிற்றா, எது நல்லது என்று மூன்று கடிதம் போட்டுவிட்டாய். வாங்கியாயிற்று. எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு டாக்டர் வீட்டுக் கூடத்தில் மெட்ராஸ் ஏஜெண்டு ஒருவர் மூன்று கருவிகளைப் பரப்பி வைத்திருந்தார். ஒன்று வாய் அகன்ற பித்தளைக் குழல். இரண்டாவது மார்பில் தொங்கவிடும் கறுப்புப் பெட்டி. மூன்றாவது ரேடியோவில் இருப்பது போல வால்வு வைத்தது, பாட்டரிக்குத் தனிப் பை. அம்மா உதட்டைப் பார்த்து ஊகிக்கக் கூடாதென்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று இருபது சொல் சொன்னார், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். குழலில் ஏழு, பெட்டியில் பன்னிரண்டு, வால்வில் பதினெட்டு. பெட்டியில் உலை கொதிக்கிற இரைச்சல் என்றாள். வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மூன்றையும் கொடுத்தனுப்பினார், நல்ல மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா தன் பரீட்சையைச் சொன்னாள். புரட்டாசியில் உன் தங்கை வசந்தாமணி கிணற்றில் விழுந்தபோது அம்மா உள்ளே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் காட்டில் களை வெட்டிய மாரக்காள்தான் ஓடி வந்தவள். “அம்மா, அம்மான்னு ரெண்டு தரம் கூப்புட்டாளுங்க” என்று சாவு வீட்டில் அவள் சொன்னதை உன் அம்மா உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அதற்கு முந்தின வருடமே நீ கருவி வாங்கச் சொல்லி எழுதினாய். வேண்டாம் என்றவள் அவள், சேலை சீசன் கழியட்டும் என்று தள்ளிப்போட்டவன் நான். இது அன்று காதில் இருந்திருந்தால் கேட்டிருக்குமா, அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். நான் கிணற்றடியில் நின்று அம்மா என்று கூப்பிட வேண்டும், அவள் அதே ராட்டையில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

குழல் வைத்த அன்று தொண்டை கிழியக் கத்தினேன், ஒன்றுமில்லை. மறுநாள் பெட்டியில் ஏதோ இரைச்சல், குரல் இல்லை என்றாள். அன்று மத்தியானம் இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள், நாலு மாதத்தில் நான் பார்க்காதது. எதிலும் கேட்காது என்றால் பழி தன் மேல் இல்லை என்று நினைக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அதனால் மூன்றாம் நாள் கிணற்றடிக்குப் போய் வாயைத் திறக்காமல் நின்றேன். ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம். மாரக்காளும் சந்தைக்குப் போயிருந்தாள், காட்டில் ஒரு ஆள் இல்லை. பிறகு அவளே பையைத் தோளில் மாட்டியபடி வெளியே வந்தாள். “ரெண்டு தரம் கூப்புட்டீங்க, நல்லாக் கேட்டுச்சுங்க. அப்ப அன்னைக்கும் கேட்டிருக்குமுங்க” என்றாள். அழவில்லை. நான் கூப்பிடவில்லை என்றால், பின்னே யார் கூப்பிட்டது என்று கேட்பாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது சாமி.

வால்வுதான் எடுத்தோம், ஏஜெண்டுக்கும் சந்தோஷம். குறை சொல்லக் கூடாது, கோயில் மணி கேட்கிறது, என் குறட்டையும் கேட்கிறதாம், இத்தனை வருடம் தெரியாமல் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேனே என்கிறாள். ஆனால் மத்தியானமானால் ராட்டையை நிறுத்திவிட்டுக் கிணற்றைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். அவள் குளிக்கப் போனபோது ஒருநாள் அந்தக் கருவியை என் காதில் வைத்துப் பார்க்க எடுத்தேன். துணிவில்லை, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

உன் கடிதங்களை இப்போது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள், ஆகையால் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே. காய்ச்சாத தண்ணீர் குடிக்காதே. ஆடிப் பண்டிகைக்கு லீவில் வரும்போது, பழக்கத்தில் கிணற்றடி வழியே பின்பக்கமாக வந்து அம்மா என்று கூப்பிட்டுவிடாதே. முன்வாசலுக்கு வா. அவள் எதிரில் நின்று, அவள் உன் முகத்தைப் பார்த்த பிறகு வாயைத் திற.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க அம்மனை வேண்டும் அப்பா,
சரவணமுத்து