மஸ்கட்டுக்குப் பிந்தி வந்த படம்

அக்கா, இன்றைக்கும் பக்கத்து அறை டிவியில் ‘அவுட்’ என்று கத்திவிட்டார்கள். என் போனில் பவுலர் அப்போதுதான் ஓடிவர ஆரம்பித்திருந்தான். போனை அணைத்துவிட்டு மஸ்கட் வெயிலில் இறங்கி நடந்தேன். திரும்பி வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. உனக்கு எழுதினால்தான் அடங்கும் போலிருக்கிறது.

மரக்காணம் உப்பளத்தில் சாப்பாட்டு நேரத்தில்கூட மேட்ச் பார்க்கிறவள் நீ ஒருத்திதான். வரப்பில் போனோடு உட்கார்ந்து, நம்ம ஆள் அவுட்டாகக் கூடாதென்று மாதாவிடம் வேண்டுவாய். அதற்குள் ரோட்டோர டீக்கடை டிவியில் அவன் அவுட்டாகியிருப்பான். உடனே எனக்கு போன், ஏதோ நான்தான் ஒளிபரப்புகிறவன் மாதிரி.

“லைவுன்னு போட்டுக்கினு பழச காட்றான்டா!”

அறைக்கூட்டாளி சொல்லிக் கொடுத்ததை அப்படியே உனக்கு ஒப்பித்தேன். எடுத்த படத்தைச் சுருக்கி, துண்டு துண்டாக்கி, எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்கள் வழியாக அனுப்புகிறார்கள். நடுவில் நின்றுவிடக் கூடாதென்று நம் போனும் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும். அதனால்தான் தாமதம்.

“அப்ப முடிஞ்சிபோனதுக்காடா மாதாகிட்ட கெஞ்சிக்கினு இருந்தேன்?” என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. உன் அடக்கத்தை லைவில் போட்டார்கள். அது பிந்தித்தான் வரும் என்று தெரிந்து, மாமாவை போனிலும் பிடித்துக்கொண்டேன். பேச்சு உடனுக்குடன் வந்துவிடும்.

“பாத்துட்டியாப்பா? மூடிடலாமா?” என்றார் மாமா.

என் படத்தில் உன் மாமியார் அப்போதுதான் உன் நெற்றியில் முத்தம் கொடுக்கக் குனிந்தாள். உன் முகம் தெரியவில்லை.

“இருங்க மாமா, இன்னும் வரல.”

எனக்காக எல்லோரையும் நிறுத்தி வைத்தார். வெயில் ஏறுகிறது என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. மாமியார் விலகினாள். பார்த்தேன், அக்கா. எவ்வளவு பார்த்தாலும் ஆறவில்லை. ஊரையே எவ்வளவு நேரம் நிற்க வைப்பது?

“சரி மாமா” என்றேன்.

காதில் பெட்டி மூடிக்கு ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. கையிலிருந்த படத்தில் உன் முகம் இன்னும் திறந்தே இருந்தது. வேண்டாம் என்று கத்தினேன். அங்கே எல்லாம் முடிந்திருந்தது.

இங்கே எனக்குப் பைப் வேலை. சுவருக்குள் பைப்பைப் பதித்ததும், “மூடிடலாமா?” என்று கொத்தனார் கேட்பார். என்னால் சரி சொல்ல முடிவதில்லை. தண்ணீரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து தடவுகிறேன். ரொம்ப கவனமான ஆள் என்று எனக்குப் பேர் வந்திருக்கிறது, அக்கா.