விடுப்புக்கான காரணம்

ஐப்பசி 18, செவ்வாய்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் இன்று எனக்குக் கண் அயர்ந்துவிட்டது. ஒரு விநாடிதான். பக்கத்தில் நின்ற கண்டக்டர் முருகேசன் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஏனுங்ணா, கண்ணு சொக்குதுங்களா?" பின்னால் பஸ் நிறைய ஆட்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஒரு மாதமாக இரவில் சரியான தூக்கம் இல்லை. பாலில் கலந்து குடிக்கச் சொல்லி, என் மனைவி செல்வி தூக்கத்துக்கு அமுக்கராப் பொடி வாங்கி வந்தாள். வாடை பிடிக்காமல் நான் தொடவே இல்லை. இன்று வளைவில் நடந்ததை வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ராத்திரி குடிக்க மாட்டேன்னுட்டீங்க. அதான் நாலு நாளா காலையில சுக்குக் காப்பில கலந்து குடுத்துப்போட்டேனுங்க."

நாலு நாளாக! விடியற்காலை டூட்டிக்குப் போகிறவனுக்கு! கத்த வாயைத் திறந்தேன். ஆனால் அதற்கு முன்பும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டவன்தானே நான். ஒருவரிடமும் சொல்லாமல்தானே ஓட்டினேன்.

நாளை டாக்டரைப் பார்க்கிறேன். அவர் சொல்லும்வரை பஸ்ஸைத் தொடமாட்டேன்.

"லீவு லெட்டர்ல காய்ச்சல்னு எழுதுங்க" என்றாள் செல்வி. "நெசத்தைச் சொன்னா மலை ரூட்டைப் புடுங்கிப்போடுவாங்க." டிப்போவில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். இத்தனை வருடத்தில் எனக்குத்தான் எத்தனை காய்ச்சல்!

லெட்டரை எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். காரணம்: வண்டி ஓட்டும்போது தூங்கிவிட்டேன்.